நகராத விசை

போன மாதம் மலாக்கா பக்கம் செங்கில் ஒரு கல்யாணச் சாப்பாட்டில், போலீஸ் ஆயுதக்கிடங்கில் இப்போது வேலை பார்க்கிற இரண்டு பேர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய ரிவால்வர்களை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, பிளாஸ்டிக் உடம்பு வைத்த பிஸ்டல்களைக் கொடுக்கிறார்களாம். அவற்றில் ஒன்றிரண்டு சிக்கிக்கொள்கின்றன என்று குறைப்பட்டுக்கொண்டே சாப்பிட்டார்கள். "உங்க காலத்துச் சாமானெல்லாம் கெட்டி இரும்பு, அங்கிள். சிக்கவே சிக்காது, இல்ல?" என்று ஒருவர் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்து ரசம் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்வதற்குள் பாயசம் வந்துவிட்டது. பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மலாக்காவில் காஜா பெராங். பக்கத்துத் தெங்கேராவில் ஒரு சைக்கிள் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, போலீஸில் ஆயுதம் பழுதுபார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எடுத்துக்கொண்டார்கள். கோலாலம்பூரில் பயிற்சி. அங்கே துப்பாக்கியைக் கழற்றக் கற்றுக்கொடுத்தார்கள். ஒழுங்காகத் திரும்ப மாட்டக் கற்றுக்கொண்டது மலாக்காவில், சார்ஜன் மாணிக்கம் பிள்ளையிடம்.

வேலைக்குச் சேர்ந்த அன்று, நெற்றியில் திருநீற்றோடு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். பெயர் மாணிக்கம் பிள்ளை, முகமும் நம்ம முகம். கைகூப்பி, என்னைப் பற்றி, என் அப்பாவைப் பற்றி, இந்த வேலை கிடைத்ததில் எனக்கிருக்கும் பெருமையைப் பற்றியெல்லாம் நல்ல தமிழில் நீளமாகப் பேசினேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடித்ததும் மலாயில் சொன்னார்: "குரல் நல்லா இருக்கு. இப்போ அதையே மலாயில சொல்லு."

அவர் எங்கள் பக்கத்திலேயே இருக்கிற செட்டி கம்பம் என்ற கிராமத்துக்காரர். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய செட்டி மக்கள். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், சாம்பிராணி போடுவார்கள், வீட்டுப் பேச்சு மட்டும் மலாய். அன்றிலிருந்து எங்கள் பேச்சு மலாயில்தான். இங்கே அவர் பேசுவதை நான் தமிழில் எழுதுகிறேன்.

சார்ஜன் ஒரு ரிவால்வரைச் சோதிப்பதைப் பார்க்க வேண்டும். பச்சைத் துணியை விரிப்பார். சிலிண்டரைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்ப்பார். பிறகு ஒவ்வொரு துளையிலும் விரலை விட்டுப் பார்ப்பார். பிறகு என்னிடம் நீட்டி, "நீயும் பாரு" என்பார். இரண்டு பேரும் பார்க்காத துப்பாக்கி அவருக்குக் குண்டு நிறைந்த துப்பாக்கிதான். அப்புறம் அதை ஜன்னல் பக்கம் தூக்கி, சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். காதோடு வைத்து, விசையை மெதுவாக இழுத்து, சிலிண்டர் ஒவ்வொரு துளையிலும் வந்து பூட்டிக்கொள்கிற சத்தத்தைக் கேட்பார். அப்போது கண்ணை மூடியிருப்பார்.

கடைசியில் பென்சில். ரப்பர் உள்ள முனை உள்ளே போகிற மாதிரி பென்சிலைக் குழலுக்குள் போட்டு, வாயை மேலே தூக்கி விசையை இழுப்பார். ஊசி அடிக்கிற வேகத்தில் பென்சில் மேலே பறக்க வேண்டும். நல்ல துப்பாக்கியென்றால் கூரைப் பலகையில் ஒரு புள்ளி விழும். எங்கள் பட்டறைக் கூரை முழுக்க அம்மை போட்ட மாதிரி கரும்புள்ளி. புள்ளி விழுந்தால் சார்ஜன் வாயிலிருந்து ஒரே ஒரு சொல் வரும். "பாகுஸ்." நல்லது என்று அர்த்தம். அந்தச் சொல் வந்துவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அவருடைய விரல்கள் மட்டும் சும்மா இருக்காது. பேசிக்கொண்டே மைப்புட்டியின் மூடியை இறுக்குவார். நடந்துபோகிறபோது என் சைக்கிள் மணியின் மூடியைத் திருகிவிட்டுப் போவார். பட்டறைக் குழாயை அவர் மூடினால் நான் இரண்டு கையாலும் திறக்க வேண்டும். வீட்டில் ஊறுகாய் ஜாடியைத் திறக்க அவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது என்று அவர் மனைவி ஒருமுறை என்னிடம் குறை சொன்னார்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிறது என்று ஊரே பரபரப்பாக இருந்த வருஷம், எங்களுக்குப் புது ரிவால்வர்கள் வந்தன. எங்கோ வெளிநாட்டில், பெயரைச் சொல்ல வேண்டாம், ஒரு தொழிற்சாலையில் அவசர அவசரமாகச் செய்தவை. பெட்டியைப் பிரித்ததும் எண்ணெய்க் காகிதத்துக்குள் நீலக் கருப்பாகப் பளபளத்தன. ஒவ்வொன்றையும் சார்ஜன் பச்சைத் துணியில் வைத்துப் பார்த்தார். எல்லாம் பாகுஸ். கூரையில் புள்ளி வைக்க இடமில்லை.

கான்ஸ்டபிள்களுக்குப் புதுத் துப்பாக்கி கிடைத்ததில் ஒரே குதூகலம். அதிலும் கோவிந்தனுக்கு. கோவிந்தன் என் தங்கை புஷ்பத்தைக் கட்டிக்கொள்ளப் போகிறவன். நிச்சயம் முடிந்திருந்தது. மெலிந்த உடம்பு, பெரிய தொப்பி, எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவன். வேலை முடிந்த பிறகும் ஸ்டேஷனில் மருந்தில்லாத பயிற்சித் தோட்டாவைப் போட்டு, சுவரில் ஒட்டிய வட்டத்தைக் குறிபார்த்து விசையை இழுத்துக்கொண்டே இருப்பான். மற்றவர்கள் கேரம் ஆடப் போவார்கள். இவன் டிக், டிக் என்று இழுத்துக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் மத்தியானம் தெங்கேராவில் ஒரு சீனர் நகைக்கடையில் பாராங் கத்தியோடு ஒருவன் புகுந்துவிட்டான். ரோந்து வந்த கோவிந்தன் சத்தம் கேட்டு ஓடிப்போய், உள்ளே நுழைந்து துப்பாக்கியை உருவினான். அதற்குள் கடைக்காரருக்குக் கையில் வெட்டு. திருடன் நகைப் பையோடு வாசலுக்குத் தாவி, திரும்பி இவனைப் பார்த்துக் கத்தியை ஓங்கினான். கோவிந்தன் விசையை இழுத்தான். விசை நகரவில்லை. மறுபடியும் இழுத்தான். கல்லை இழுப்பது மாதிரி இருந்தது. வேறு வழி தெரியாமல் துப்பாக்கியையே அவன் முகத்தைப் பார்த்து வீசினான். அது காதோரம் பட்டு, தெருவில் போய் விழுந்தது. திருடன் பையோடு வெளியே பாய்ந்து தப்பிவிட்டான்.

விசாரணைக்கு வாக்குமூலம் கேட்டபோது கோவிந்தன் மலாயில் இரண்டே சொல்லில் சொன்னான். "வீசினேன், ஓடினேன்." எழுதிக்கொண்டவருக்கு அது ஒரே மாதிரிதான் புரிந்தது. ஆயுதத்தை எறிந்துவிட்டுப் பயந்து ஓடியவன்.

அன்று சாயங்காலமே துப்பாக்கி எங்கள் பட்டறைக்கு வந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். சார்ஜன் சிலிண்டரைத் திறக்கப் பார்த்தார். கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. "ரோட்டுல விழுந்ததுல அடிபட்டிருக்கு" என்று உள்ளங்கையால் தட்டித் திறந்தார். தோட்டாக்களைக் கொட்டினார். ஒன்றின் பின்புறத்திலும் ஊசி குத்திய அடையாளம் இல்லை. பிறகு வழக்கமான சோதனை எல்லாம் செய்தார். விசை வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. பென்சில் பறந்தது.

"பாகுஸ்" என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். கோவிந்தன் யார் என்று அவருக்குத் தெரியும்.

துப்பாக்கியில் குறையில்லை, தோட்டாவில் குத்து இல்லை. அப்படியென்றால் அவன் விசையைத் தொடவே இல்லை, பயத்தில் உறைந்துபோய்ப் பொய் சொல்கிறான் என்றுதானே ஆகும்? வேலை போய்விடும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் போலீஸ்காரர்கள் குடியிருக்கிற வரிசை வீட்டுக்குப் போய் அவனைப் பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், சத்தியமா அது நகரல. நீங்க நம்பலன்னாலும் பரவாயில்ல."

"சார்ஜன் கையில நல்லா நகருதேடா."

"அவர் கையில நகரும். என் கையில நகரல. நான் என்ன பண்ண?"

எங்கள் வீட்டில் அம்மா, கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்று ஆரம்பித்துவிட்டார். ஊர் சிரிக்கும், கோழைக்குப் பெண் கொடுத்தார்கள் என்று பேசும் என்றார். மாவாட்டிக்கொண்டிருந்த புஷ்பம் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, கத்தியக் கண்டா யாருக்கும்தான் பயம் வரும். அவரு பயந்தாரா இல்லையான்னு எனக்குக் கவலையில்ல. பொய் சொன்னாரா, அத மட்டும் பார்த்துச் சொல்லு. துப்பாக்கி உன்கிட்டதானே இருக்கு?"

அவள் கேட்டது நியாயமாக இருந்தது. துப்பாக்கி என்னிடம்தான் இருந்தது.

மறுநாளிலிருந்து, மற்ற வேலைகளுக்கு நடுவே அந்த ரிவால்வரில் பயிற்சித் தோட்டா போட்டு விசையை இழுத்துக்கொண்டே இருந்தேன். உட்கார்ந்து இழுத்தேன், நின்று இழுத்தேன், வாயைக் கீழே காட்டி, மேலே காட்டி, உறையிலிருந்து உருவி உருவி இழுத்தேன். கையில் கொப்புளம் வந்தது. துப்பாக்கி ஒரு தடவைகூடத் தவறவில்லை. காலையில் சார்ஜன் வருவார், மேஜையில் இருப்பதையெல்லாம் எடுத்து ஒரு பார்வை பார்ப்பார், திரும்ப வைப்பார். மத்தியானம் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தடுக்கவில்லை. "இழு, இழு. நல்லா இழு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அவருக்கும் கோவிந்தன் மேல் இரக்கம்தான்.

எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. புஷ்பம் சாப்பாடு போடும்போது என் முகத்தைப் பார்ப்பாள், பிறகு கையிலிருக்கிற கொப்புளத்தைப் பார்ப்பாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் பழக்காலம் வந்தது. செட்டி மக்கள் முன்னோர்களுக்குப் பழம் படைக்கிற பார்ச்சு என்று ஒரு விசேஷம் உண்டு. அதற்காகச் சார்ஜன் லீவு போட்டுவிட்டுப் போனார். பட்டறையில் நான் மட்டும். தட்டிக் கேட்க ஆளில்லாத தைரியத்தில் காலையிலிருந்து அந்த ரிவால்வரோடு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம், மழை வரும்போல வானம் இருட்டிக்கொண்டிருந்தது. இழுத்துக்கொண்டிருந்த விசை திடீரென்று கனத்தது. அடுத்த இழுப்பில் இன்னும் கனம். அதற்கடுத்த இழுப்பில் நகரவே இல்லை. இரண்டு விரலைப் போட்டு இழுத்தேன். கல்லை இழுப்பது மாதிரியேதான் இருந்தது.

நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து குதித்தேன். ஆயுதக்கிடங்கில் கத்தக் கூடாது. கத்தினேன். வெளியே காவலுக்கு நின்ற மலாய்க்கார கான்ஸ்டபிள் ஓடிவந்து, "யாருக்கு அடிபட்டுச்சு?" என்று கேட்டார். "யாருக்கும் இல்ல, துப்பாக்கி கெட்டுப்போச்சு!" என்று அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பிறகு உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். சிலிண்டருக்கு நடுவிலிருந்து முன்பக்கமாக ஒரு கம்பி வரும். சுட்டுமுடித்த தோட்டாக்களை வெளியே தள்ள அதைத்தான் அழுத்துவோம். அந்தக் கம்பியை மரை போட்டு உள்ளே திருகியிருப்பார்கள். அந்த மரை கழன்று, கம்பி நூலளவு வெளியே வந்திருந்தது. அதன் முனை முன்னாலிருக்கிற பூட்டில் போய் முட்டி, சிலிண்டரைச் சுழல விடாமல் பிடித்துக்கொண்டது. சிலிண்டர் சுழலாவிட்டால் விசை எப்படி நகரும்?

பழைய ரிவால்வர் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அதில் கம்பியைக் கருவி வைத்து இறுக்கி, கழலாமலிருக்க ஓரத்தில் பஞ்ச் என்கிற முனைக்கருவியால் ஒரு குத்துக் குத்தியிருந்தார்கள். புதியவற்றில் அந்தக் குத்து இல்லை. மரையையும் தளர்வாக வெட்டியிருந்தார்கள். கம்பி உள்ளே லொடலொடவென்று ஆடியது. சிலிண்டர் சுழலுகிற திசையும் கம்பி கழலுகிற திசையும் ஒன்று. இழுக்க இழுக்க, மயிரிழை மயிரிழையாகக் கழன்றுகொண்டே வரும். உறையில் வைத்துக்கொண்டு கேரம் ஆடப் போனவன் துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகாது. விடாமல் பழகிய கோவிந்தனின் துப்பாக்கிதான் முதலில் நின்றது.

சரி, இத்தனை நாள் என் கையில் ஏன் நிற்கவில்லை? கழன்ற கம்பியை யோசனையில்லாமல் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துத் திருகி உள்ளே தள்ளினேன். தள்ளியதும் என் கை அப்படியே நின்றது. இதே அசைவை எங்கே பார்த்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. காலை, மத்தியானம், சாயங்காலம்.

செட்டி கம்பத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். வழியெல்லாம் மழை. இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். பாகுஸ் என்று சொன்னது தவறு என்று இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

வீட்டில் உறவுக்கூட்டம். சாம்பிராணி வாசமும் துரியான் வாசமும் சேர்ந்து வந்தது. படையல் முடிந்து வாழையிலையில் மங்குஸ்தீனும் ரம்புத்தானும் குவிந்திருந்தன. சார்ஜன் சாரோங்கோடு தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் மனைவி துண்டு கொடுத்து, "முதல்ல சாப்பிடு, அப்புறம் பேசு" என்று ஒரு சுளை துரியானைக் கையில் வைத்தார். அதைத் தின்றுகொண்டே சொன்னேன். விசை நின்றது, கம்பி கழன்றது, பழையதில் குத்து இருப்பது, புதியதில் இல்லாதது. கடைசிப் பகுதிக்கு வந்தபோது துரியான் கொட்டையைக் கீழே வைத்தேன்.

"நீங்க லீவுல இருந்தப்போதான் நின்னுச்சு, சார்ஜன்."

"அதனால?"

"நீங்க இருக்கும்போது நிக்காது. நீங்க எடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்தக் கம்பிய விரலால இறுக்கிட்டுத்தான் வைக்கிறீங்க. கோவிந்தன் துப்பாக்கி வந்த அன்னிக்கும்."

சார்ஜன் தன் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் மனைவியும் பார்த்தார். அந்த விரல்கள் அந்த நேரத்திலும் பக்கத்திலிருந்த சிராப் சர்பத் போத்தலின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தன.

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். "நான் இத்தனை வருஷமா சொல்றேன், யாரு கேக்குறா?" என்றார். சார்ஜன் சிரிக்கவில்லை. போத்தலைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். "ஒரு நல்ல பையனை என் கையாலேயே மாட்டிவிட்டிருக்கேன். சட்டைய எடு" என்றார் மனைவியிடம்.

விசாரணை நடந்தது வெள்ளைக்கார சூப்ரிண்டெண்ட் முன்னால். அவர் ஊருக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம். ஆனாலும் எதையும் பாதியில் விடுகிற ஆளில்லை. சார்ஜன் மேஜைமேல் பச்சைத் துணியை விரித்து, கோவிந்தனின் ரிவால்வரை வைத்தார். எனக்கு முன்பே ஓர் உத்தரவு போட்டிருந்தார். அவர் அதைத் தொடப் போனால் நான் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"துவான், இந்தத் துப்பாக்கி நல்லதுன்னு நான் சொன்னேன். நான் தொட்ட பிறகு அது நல்லதுதான். நான் தொடறதுக்கு முன்னால எப்படி இருந்துச்சுன்னு இப்போ பாருங்க."

நான் எல்லோர் எதிரிலும் பயிற்சித் தோட்டா போட்டு இழுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லோருக்கும் சலித்துவிட்டது. சூப்ரிண்டெண்ட் பைப்பைப் பற்றவைத்தார். சார்ஜன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வியர்த்துக்கொட்ட நின்றார். நடுவில் ஒருமுறை அவர் வலது கை தானாக முன்னால் வந்தது. நான் முறைத்தேன். உள்ளே போய்விட்டது.

கடைசியில் நின்றது. சூப்ரிண்டெண்ட் வாங்கி இழுத்தார். முகம் சிவந்ததே தவிர விசை நகரவில்லை. எழுந்து நின்று இழுத்தார். பிறகு பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு, கோவிந்தனைப் பார்த்து, "நானாக இருந்தாலும் வீசித்தான் இருப்பேன்" என்றார். கோவிந்தன் மேலிருந்த குற்றச்சாட்டு அங்கேயே தள்ளுபடியானது.

அப்புறம் எங்களுக்குத்தான் வேலை. வெளியே போன ரிவால்வர்களையெல்லாம் திரும்ப வரவழைத்தோம். கம்பி நசுங்காமல் பிடிக்க ஈயத்தில் ஒரு பிடிகருவி வார்த்து, ஒவ்வொன்றையும் இறுக்கி, ஓரத்தில் பஞ்ச் குத்தினோம். சார்ஜன் குத்துவார், நான் இழுத்துச் சோதிப்பேன். சோதனை முடியும்வரை எதையும் தொட மாட்டேன் என்று அவர் சாமி படத்தின் முன்னால் சத்தியம் செய்திருந்தார். மெர்டேக்கா அன்று திடலில் காவலுக்கு நின்ற ஒவ்வொருவன் இடுப்பிலும் நாங்கள் குத்திய துப்பாக்கிதான். கூட்டம் முழக்கமிட்டபோது நான் கொடியைப் பார்க்கவில்லை, உறைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலைக்காரர்கள் புதுக் கம்பிகள் அனுப்பினார்கள். அதற்குள் அடுத்த பழக்காலமே வந்துவிட்டது.

கல்யாணம் விசாரணை முடிந்த கொஞ்ச நாளிலேயே காஜா பெராங்கில் விமரிசையாக நடந்திருந்தது. நகைக்கடைச் சீனர் கட்டுப்போட்ட கையோடு வந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகுதான் அந்தத் திருடன் வேறொரு திருட்டில் அகப்பட்டான். காதோரம் தழும்பு இருந்தது. கோர்ட்டில் அவனிடம், கையில் கத்தி இருந்தும் ஏன் ஓடினாய் என்று கேட்டார்கள்.

"எத்தனையோ போலீஸ் மாத்தாவைப் பார்த்திருக்கேன், துவான். துப்பாக்கிய நீட்டுவாங்க, தள்ளி நிப்பாங்க. இவன் துப்பாக்கியத் தூக்கி எறிஞ்சிட்டு வெறுங்கையோட என்னைத் துரத்திட்டு ஓடிவந்தான். இவன் மனுஷனா பேயான்னு தெரியல. அதான் ஓடினேன்."

கோர்ட்டே திரும்பிக் கோவிந்தனைப் பார்த்தது. மாஜிஸ்திரேட் அவனைப் பாராட்டி நாலு வார்த்தை சொன்னார். கோவிந்தன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வெளியே வந்ததும் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"ஏன்டா, துரத்திட்டுப் போனேன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இவ்வளவு தொல்லை வந்திருக்காதே?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"நான் எங்க மச்சான் துரத்தினேன்? துப்பாக்கி அவன் காதுல பட்டு அந்தப் பக்கம் போய் விழுந்துச்சு. புதுத் துப்பாக்கி. தொலைஞ்சா சார்ஜன் என்னைத் தோலை உரிச்சிடுவாருன்னு அத எடுக்க ஓடினேன். அவனும் அதே பக்கம் ஓடினான்."

கோர்ட்டில் அவனை யாரும் கேட்கவில்லை, அதனால் அவனும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் புஷ்பத்திடம் மட்டும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான். அவள் அடுப்படியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் அன்றைக்கு மீன்குழம்பு அடிப்பிடித்துப் போனது. மூன்று பேரும் அதைத்தான் சாப்பிட்டோம்.